டூரோ ஆற்றங்கரையில் ஒரு சாவிக்கொத்து

நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் ஓர் ஆசை இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்காத சாலை வேண்டும். பல்சக்கரத்தில் செயின் ஓடுகிற சத்தம் காதில் விழ வேண்டும். போர்ச்சுகல் நாட்டின் வடகிழக்கு மூலையில், டூரோ ஆற்றின் ஓரமாக, எனக்கு அப்படி ஒரு சாலை வாய்த்தது. போன வருஷம் மே மாதம் எட்டு நாள் அங்கே சைக்கிள் மிதித்தேன். மணிக்கு இரண்டு கார் வந்தால் அதிகம். முதல் இரண்டு நாள் அந்த அமைதியில் திளைத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள், இவ்வளவு அமைதி இந்த நாட்டுப்புறத்துக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன். இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

டூரோ ஸ்பெயினில் பிறக்கிறது. ஏறக்குறைய 900 கிலோமீட்டர் ஓடி, போர்ட்டோ நகரத்தில் அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. வழியில் 100 கிலோமீட்டருக்கும் மேல் இரண்டு நாட்டுக்கும் அதுதான் எல்லைக்கோடு. போர்ட்டோவிலிருந்து ஒரு ரயில் பாதை ஆற்றின் தோளைப் பிடித்தபடியே மலைக்குள் போகிறது. அந்த ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். நான் பின்யாவ் என்ற ஊரில் இறங்கினேன். ஸ்டேஷன் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஓட்டுச் சித்திரங்கள். 1937இல் பதித்தவை. திராட்சை அறுவடை, கூடை சுமக்கும் ஆட்கள், படகுகள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் ரேகுவாவிலிருந்து பின்யாவ் வரைக்குமான 27 கிலோமீட்டர் சாலையைத்தான் புகழ்வார்கள். என்-222 என்ற நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. 2015இல் ஒரு கார் வாடகை நிறுவனம் அதை உலகத்திலேயே கார் ஓட்டச் சிறந்த சாலை என்று அறிவித்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? காரும் மோட்டார் சைக்கிளும் வரிசை கட்டுகின்றன. சாலை அழகுதான், ஆனால் சைக்கிள்காரர்களுக்கு உகந்தது அதுவல்ல. அதே 222இல் பின்யாவைத் தாண்டிக் கிழக்கே திரும்புங்கள். கூட்டம் அங்கேயே நின்றுவிடும்.

கூட்டம் ஏன் நிற்கிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். பெஸ்கெய்ரா என்ற ஊருக்கு 500 மீட்டருக்கும் மேல் ஏற்றம். கடைசி கியரில் போட்டு, நடக்கிற வேகத்தில் ஊர்ந்தேன். அப்படி ஊர்ந்தால்தான் பக்கத்தில் இருப்பது கண்ணில் படுகிறது. மலை முழுவதும் படிப்படியாக வெட்டிய திராட்சைத் தோட்டம். மண் என்று பெயருக்குத்தான். தட்டுத் தட்டாகப் பிளந்துவரும் ஒரு வகைப் பாறைதான் எல்லாம். அந்தக் கல்லையே உடைத்து, சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். காலை பத்து மணிக்கே கல் சுட்டது. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி கொடிக்குத் திருப்பிக் கொடுக்குமாம்.

இந்த ஒயின் வட்டாரத்துக்கு அரசாங்கம் எல்லை வகுத்தது 1756இல். கருங்கல் நட்டு எல்லை காட்டினார்கள்; இன்றைக்கும் சில இடத்தில் அந்தக் கல் நிற்கிறது. இங்கே ஒயினை அளக்கிற கணக்கு 'பிப்பா'. ஒரு பிப்பா 550 லிட்டர். நாம் பீப்பாய் என்கிறோமே, அதேதான். போர்ச்சுகீசியர்களிடமிருந்து தமிழுக்கு வந்த சொல்.

ஏற்றத்தில் பாதி வழியில், பச்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவு மட்டும் காடாகக் கிடந்தது. படிகள் அப்படியே இருக்கின்றன, சுவர் இருக்கிறது, கொடி இல்லை. புதரும் ஆலிவும் மண்டிவிட்டன. இந்த மாதிரி இடத்தை இங்கே 'மொர்த்தோரியு' என்கிறார்கள். சாவுச் சடங்கு என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பூச்சி, கண்ணுக்குச் சட்டென்று படாத அளவு சின்னது, கொடிகளின் வேரை உறிஞ்சியது. மலை மலையாகத் தோட்டம் செத்தது. அந்தப் பூச்சியைத் தாங்குகிற அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுப்போட்டுத்தான் பிற்பாடு மீண்டார்கள். ஒட்டுக்கட்டிப் புதிதாக நட வசதியில்லாதவர்கள் படிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் யாரோ கையால் அடுக்கிய கல். அங்கே குயில் ஒன்று கூவிக்கொண்டிருந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

பெஸ்கெய்ராவுக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் உச்சியில் சின்னச் சின்ன வழிபாட்டுக் கோயில்கள். அங்கிருந்து கீழே பார்த்தால் வலெய்ரா பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவில் அசையாத பச்சைத் தண்ணீர். ஏரி மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் இந்த ஆறு இந்த இடத்தில் இரைந்துகொண்டு பாய்ந்தது. பாறைகள் குறுக்கே கிடந்ததால் எந்தப் படகும் இதற்கு மேலே போக முடியாது. 1780இல் வெடிவைத்து உடைக்க ஆரம்பித்து, 1792இல்தான் வழி திறந்தார்கள். அதற்குப் பிறகும் நீரோட்டம் ஆளை விழுங்கியது. டூரோவுக்கு அருமையான வரைபடங்கள் போட்டவர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்ற ஆங்கில ஒயின் வணிகர். ஆற்றின் ஒவ்வொரு பாறையும் அவருக்குத் தெரியும். 1861 மே மாதம் இதே இடத்தில் படகு கவிழ்ந்து அவரே மூழ்கிப்போனார். இடுப்பில் கட்டியிருந்த பண வார் அவரை இழுத்துக்கொண்டு போனது என்பார்கள். அதே படகில் இருந்த டோனா அந்தோனியா ஃபெரெய்ரா என்ற பெரிய ஒயின் தோட்டக்கார அம்மாள், அந்தக் காலத்து அகலப் பாவாடையில் காற்று நிறைந்ததால் மிதந்து பிழைத்தார் என்றும் ஒரு பேச்சு.

1972 முதல் 1985க்குள் போர்ச்சுகல் பக்கத்து டூரோவில் ஐந்து அணைகள் முடிந்தன. வலெய்ரா அணை 1976இல். அணைகள் மின்சாரம் கொடுத்தன, படகுக்கு ஆழம் கொடுத்தன. ஆற்றின் குரல் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. இந்த ஆறு இயல்பாகவே சாது என்று நான் நினைத்திருந்தேன். அது என் அறியாமை.

மேட்டு நிலத்தில் ஒரு பகல் ஓட்டிவிட்டு கோஆ ஆற்றுக்கு இறங்கினேன். நம் கோவா இல்லை. இது டூரோவில் வந்து சேரும் சின்ன ஆறு. இங்கேயும் அணை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். 1994இல்தான் கரையோரப் பாறைகளில் இருக்கும் செதுக்குகளைப் பற்றி வெளியுலகத்துக்குத் தெரிந்தது. குதிரை, காட்டெருது, வரையாடு. சில 20,000 வருஷத்துக்கும் முந்தையவை. அணை நிரம்பினால் எல்லாம் மூழ்கிவிடும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்பினார்கள். 'செதுக்குகளுக்கு நீச்சல் தெரியாது' என்பது அவர்களுடைய கோஷம். அடுத்து வந்த அரசாங்கம் அணை வேலையை நிறுத்தியது. 1998இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியம் என்று ஏற்றுக்கொண்டது. நான் சைக்கிளை ஊரில் விட்டுவிட்டு, வழிகாட்டியோடு ஜீப்பில் போய்ப் பார்த்தேன். ஒரு பாறையில் ஒரே குதிரைக்கு மூன்று தலை. அது தலையை அசைப்பதைத்தான் செதுக்கிய மனிதர் அப்படிக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் கோஆ கூழாங்கல் மேல் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த எட்டு நாளில் ஓர் ஆற்றின் சத்தத்தை நான் நன்றாகக் கேட்ட இடம் அதுதான். பிள்ளைகள் அன்றைக்குச் சத்தம் போட்டதால் இன்றைக்கு அந்தச் சத்தம் இருக்கிறது.

சரி, போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பக்கம் சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள். 'ஒன்பது மாசம் குளிர்காலம், மூன்று மாசம் நரகம்' என்பது இங்கத்திய பழமொழி. பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் பாதாம் பூக்கும். அது நல்ல நேரம். கையில் தண்ணீர் நிறைய இருக்கட்டும்.

ரயில் பாதை இப்போது பொசீன்யு என்ற ஊரோடு முடிந்துவிடுகிறது. 1887இல் அதை ஸ்பெயின் எல்லையில் இருக்கும் பார்க்கா தால்வா வரை கொண்டுபோனார்கள். 1988இல் கடைசி 28 கிலோமீட்டரை மூடிவிட்டார்கள். அதே வருஷம், பொசீன்யுவில் கிளம்பி வடக்கே 105 கிலோமீட்டர் போன மீட்டர் கேஜ் பாதையும் மூடப்பட்டது. அதன் ஒரு பகுதி இப்போது சைக்கிள் பாதை. பார்க்கா தால்வா ஸ்டேஷனில் கூரை இல்லை, தண்டவாளத்துக்கு நடுவே புல் முளைத்திருக்கிறது. பாதை மூடியதில் ஆச்சரியம் இல்லை. ஏறுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. 1960களில் சர்வாதிகாரி சலாசார் ஆட்சியின் வறுமைக்கும், ஆப்பிரிக்கக் காலனிகளில் போர்ச்சுகல் நடத்திய போருக்கும் தப்பி, லட்சக்கணக்கானவர்கள் இந்த மாதிரிக் கிராமங்களிலிருந்து ஃபிரான்சுக்குப் போனார்கள். பாதிப் பேருக்கும் மேல் கள்ளத்தனமாக, மலை தாண்டி. கிளம்பும்போது ஒரு போட்டோவை இரண்டாகக் கிழிப்பார்களாம். ஒரு பாதி வீட்டில் இருக்கும். போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகு தன் பாதியை அனுப்புவார். இரண்டும் பொருந்தினால்தான், எல்லை தாண்டக் கூட்டிப்போன வழிகாட்டிக்கு மீதிக் காசு.

பார்க்கா தால்வாவில் பாலம் தாண்டி, ஃப்ரெய்ஷோ ஊருக்குப் போகும் என்-221இல் திரும்பினேன். நான் ஓட்டியதிலேயே மனசுக்கு மிகவும் பிடித்த சாலை இதுதான். வலது கைப்பக்கம் ஆறு, அக்கரையில் ஸ்பெயின். இடது பக்கம் ஆரஞ்சுத் தோட்டமும் பாதாம் மரமும். தலைக்கு மேலே கழுகுகள் வட்டமிட்டன. அப்புறம் ஏற்றம்.

ஏற்றத்தின் மேலே ஒரு சிற்றூரில் தண்ணீர் கேட்டு நின்றேன். கறுப்புடை உடுத்திய ஒரு பாட்டியம்மா. எண்பது வயதுக்குக் குறையாது. அவர் கையில் பெரிய சாவிக்கொத்து. பெரிதும் சின்னதுமாகப் பதினோரு சாவி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை போர்ச்சுகீசியத்தில் என்ன என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி வீட்டை நோக்கிக் கை நீட்டினார். இது பாரிஸ். இது லியோன். இது லக்சம்பர்க். எல்லாம் பூட்டிய வீடு. 'சாவெ' என்றார். லிஸ்பனில் அந்தச் சொல்லை 'ஷாவ்' என்று கேட்டிருந்தேன். இந்த வடகிழக்கு மலைப்பக்கத்து முதியவர்கள் வாயில் மட்டும் பழைய உச்சரிப்பு, நம் 'பச்சை'யில் கேட்கிற 'ச', இன்னும் மிச்சம் இருக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம் கடற்கரைக்குக் கப்பலேறி வந்த ஒலி. எங்கள் ஊரிலும் இதைச் சாவி என்றுதான் சொல்வோம் என்றேன். அவர் நம்பவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சிரித்தார். பக்கத்துச் சுவரைக் காட்டி 'ஜனெலா' என்றார். ஜன்னல் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாரம் ஒரு தரம் எல்லா வீட்டு ஜன்னலையும் திறந்து வைப்பாராம். ஆகஸ்டில் பிள்ளைகள் வருவார்கள். வீடு புழுங்கிக் கிடக்கக் கூடாது. பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு, சிவப்பு நூல் சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போனார்.

நான் சைக்கிளில் ஏறினேன். பின்னால் மரக்கதவு ஒன்று சுவரில் மோதித் திறந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. சாலை வளைவு திரும்பிய பிறகும் மூன்றாவது சத்தம் எனக்குக் கேட்டது.