ஆந்தைப் பள்ளியின் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

‘கிராமர் ஸ்கூல்’ என்று கேட்டதுமே நம்மில் பலருக்கு நன்னூல் சூத்திரம் ஞாபகம் வந்து வயிறு கலங்கும். கலங்குவதில் தப்பில்லை. இங்கிலாந்தில் அந்தப் பெயர் வந்ததே இலத்தீன் இலக்கணம் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் என்பதால்தான். அவற்றில் ஒன்று மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல். அங்கே படித்துப் பேர் வாங்கியவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஓடிப்போன ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன்.

தாமஸ் டி குவின்சி. பதினேழு வயது இன்னும் நிறையவில்லை. இலக்கணத்துக்குப் பயந்த பையன் இல்லை. கிரேக்க மொழியில் தலைமையாசிரியரை விடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்தவன். பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்று முடிவு செய்து, தெரிந்த ஒரு சீமாட்டிக்கு ஐந்து கினி, அந்தக் காலத்து ஆங்கிலத் தங்கக் காசு, கடன் கேட்டு எழுதினான். அந்த அம்மா பத்தாக அனுப்பிவிட்டார். 1802 ஜூலையில் ஒரு விடிகாலை புறப்பாடு. ஒரே சிக்கல், பெட்டி. அதில் துணிமணி போக ஏறக்குறைய அவனுடைய புத்தகங்கள் எல்லாமே இருந்தன. குதிரைக்காரன் ஒருவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். கடைசிப் படிகளில் கால் வழுக்கியது. பெட்டி உருண்டு போய்த் தலைமையாசிரியர் படுக்கையறைக் கதவிலேயே மோதி நின்றது. குதிரைக்காரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே சத்தமே இல்லை. பெரியவர் எழுந்திருக்கவில்லை.

சட்டைப்பையில் ஒரு ஆங்கிலக் கவிஞர், இன்னொன்றில் பழைய கிரேக்கப் புலவர் யூரிப்பிடிஸின் நாடகங்கள். அப்படியே நடையைக் கட்டினான். வேல்ஸ் மலைகளில் திரிந்து, லண்டனில் பட்டினி கிடந்து, அப்புறம் அபினுக்கு அடிமையாகி, அந்த அனுபவத்தையே எழுதி இலக்கியத்தில் இடம் பிடித்தார். பெட்டி உருண்ட கதையும் அவரே எழுதியதுதான். இன்று அந்தப் பள்ளியின் புகழ்பெற்ற மாணவர்கள் யார் யார் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதில் இவர் இருப்பார். ஓடிப்போனாலும் விடுவதில்லை.

சரி, பள்ளிக்கு வருவோம். 1515-இல் ஹியூ ஓல்டாம் என்ற பாதிரியார், எக்ஸிடர் நகரத்து ஆயர், தொடங்கியது. அவர் பெயரின் முதல் பாதி ஆங்கிலத்தில் ஆந்தையைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும். அதனால் ஆந்தையே அவருடைய சின்னம், பள்ளிக்கும் அதுவே. நம்மூரில் ஆந்தை கத்தினால் காரியம் கெட்டது என்போம், அவர்களுக்கு அதுதான் அறிவு. பள்ளியை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆலைகளிலிருந்து. அர்க் என்ற சிற்றாற்றின் கரையில் பள்ளிக்கென்று மாவாலைகள் இருந்தன. மான்செஸ்டர்க்காரர்கள் தங்கள் தானியத்தை அங்கேதான் அரைக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். ஊரே மாவரைத்து அந்தப் பையன்களைப் படிக்க வைத்தது. பிடிக்காமல்தான் அரைத்தார்கள் என்பதும் உண்மை.

இந்த மாவுக் கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பள்ளியின் பெரிய பெயர்களில் பல, கட்டணம் கட்ட வழியில்லாத வீடுகளிலிருந்து வந்தவை. எர்னஸ்ட் பார்க்கர் அப்படி ஒருவர். 1874-இல் பிறந்தவர், எளிய குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் மூத்தவர். உதவித்தொகை கிடைத்ததால் உள்ளே வந்தார், ஆக்ஸ்போர்டு போனார், அரசியல் தத்துவத்தில் பேராசிரியர் ஆனார்.

பார்க்கரை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நமது அரசியலமைப்பு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, எழுபத்தைந்தைத் தாண்டிய அந்த மனிதர் தன் வாழ்நாள் சிந்தனையைத் திரட்டி ஒரு நூல் வெளியிட்டார். அதன் தொடக்கத்திலேயே ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கும் நம் முகவுரையை முழுசாக அச்சிட்டார். தான் பக்கம் பக்கமாக வாதிடுவதை அது சில வரிகளில் சொல்லிவிடுகிறது என்று காரணமும் எழுதினார். ஆண்ட நாட்டின் அறிஞர், விடுதலை பெற்ற நாட்டின் எழுத்தைத் தன் புத்தகத்துக்கு வாசற்கோலமாகப் போட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பள்ளி தந்த ஆட்களில் இவரைத்தான் அதிகம் பிடிக்கும்.

அரசியல் அறிஞர் ஹரால்ட் லாஸ்கியும் அங்கே படித்தவர்தான். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அவரிடம் படித்த நம்மவர்கள் ஏராளம். கிருஷ்ண மேனன் ஒருவர். கேரளத்து உழவூரிலிருந்து வறுமையோடு படித்து வந்த கே. ஆர். நாராயணன் இன்னொருவர். ஊருக்குத் திரும்பும்போது நேருவிடம் கொடுக்கும்படி லாஸ்கி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை வைத்து வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர் 1997-இல் குடியரசுத் தலைவர்.

இப்போது சினிமா. ஐம்பதுகளின் கடைசியில் அந்தப் பள்ளியில் இரண்டு பையன்கள் வகுப்புத் தோழர்கள். ஒருவன் ராபர்ட் பவல். இன்னொருவன் குஜராத்தி வம்சாவளி மருத்துவர் ஒருவரின் மகன், பெயர் கிருஷ்ணா பான்ஜி. பவல் 1977-இல் தொலைக்காட்சித் தொடரில் இயேசுவாக நடித்தார். கிருஷ்ணா பான்ஜி பெயரை பென் கிங்ஸ்லி என்று மாற்றிக்கொண்டு 1982-இல் காந்தியாக நடித்தார், அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கினார். ஒரே வகுப்பில் ஒரு இயேசு, ஒரு காந்தி. வருகைப் பதிவேடு எடுத்த வாத்தியாருக்கு என்ன தெரிந்திருக்கும்?

அவர்கள் படித்த காலத்தில், குறிப்பிட்ட அளவு இடங்களைக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும், அதற்கு அரசு பணம் தரும் என்ற ஏற்பாடு இருந்தது. எழுபதுகளின் நடுவில் அதை அரசு நிறுத்தியது. முழுக்க அரசுப் பள்ளியாகு, இல்லையென்றால் தனியாகப் போ என்றது. பள்ளி தனியாகப் போனது, கட்டணப் பள்ளியானது. ஏழைப் பிள்ளைகளுக்காக நன்கொடை திரட்டி உதவித்தொகை தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உரிமையாகக் கிடைத்த இடம் வேறு, மனு போட்டு வாங்கும் இடம் வேறு. அதற்குப் பிறகு படித்தவர்களில் நமக்குத் தெரிந்த முகம் இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டனாக இருந்த மைக் ஆதர்டன். 1995-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று 185 ரன், அவுட் ஆகாமல்.

கடைசியாக நம்மூர்க்காரர் மாதிரி ஒருவர். மைக்கேல் வுட், வரலாற்றாசிரியர், மான்செஸ்டர் மாஸ் சைடில் பிறந்தவர், இந்தப் பள்ளியின் மாணவர். 1995-இல் அவர் எழுதிய பயணநூலின் பெயரிலேயே முருகனின் புன்னகை இருக்கிறது. சிதம்பரத்தில் பழகிய குடும்பத்தோடு வீடியோ பஸ்ஸில் ஏறித் திருச்செந்தூர் போனவர் அவர். வீடியோ பஸ் உங்களுக்கே தெரியும்: ஜன்னல் அடைக்காது, படம் நிற்காது, சத்தம் குறையாது. கிரேக்கமும் இலத்தீனும் சொல்லிக்கொடுத்த பள்ளியிலிருந்து வந்த மனிதர், கூட்டத்தோடு கூட்டமாக அதில் உட்கார்ந்து, கடற்கரைக் கோயிலுக்குப் போய் இறங்கியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.