முதல் கிளாஸுக்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டங்களில் கையில் கொடுக்கும் ஒரு சின்ன டோக்கனைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. கரம் காய் அளவு வட்டம். பிளாஸ்டிக் அல்லது அலுமினியம்; குடிக்காமல் ஒரு வருசம் ஆனவருக்குப் பெரும்பாலும் வெண்கலம்.

இப்படிக் கூட்டம் நடத்தும் ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியது. அங்கே சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் இக்னேஷியா என்றொரு கன்னியாஸ்திரி இருந்தார். குடிநோய்ச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்குத் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். ஒரு நிபந்தனை: மறுபடி குடிக்கத் தீர்மானித்தால், குடிக்க முன்னால் அதைக் கொண்டுவந்து அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். குடிக்க முன்னால். நேயர்களே, முழு விசயமும் அந்த 'முன்னால்' என்பதில்தான் இருக்கிறது. தவறணை பக்கத்துத் தெருவில், ஆஸ்பத்திரி ஊரின் மறு கோடியில் என்றால், போகிற வழியிலேயே அந்தத் தவிப்பு பாதி இறங்கிவிடும். தவிப்பு அலை பல வேளை அரை மணித்தியாலத்துக்குள் தணிகிற ஒன்று. அந்த அரை மணித்தியாலத்தைக் கடத்தத்தான் சட்டைப்பையில் ஒரு பொருள்.

அதனால்தான் முதல் நாளே வெள்ளை டோக்கன் கொடுக்கிறார்கள். ஒன்றும் சாதிக்காதவருக்கு எதற்கு என்று வீட்டார் கேட்பார்கள். சாதித்ததற்கு என்றால் கடைசியில் கொடுத்தால் போதுமே! பிறகு குடிக்காமல் 30, 60, 90 நாள், 6 மாதம், 9 மாதம், ஒரு வருசம் ஆகும்போது ஒவ்வொன்று. தொடக்கத்தில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் வருவதைக் கவனியுங்கள். திரும்பவும் விழுகிற ஆபத்து முதல் மாதங்களில்தான் அதிகம். ஏஏயில் நிறம் குழுவுக்குக் குழு மாறும். போதைப்பொருளை விட்டவர்களின் என்ஏ அமைப்பில் சாவி வளையத்தில் மாட்டும் பட்டி கொடுப்பார்கள்: வெள்ளை, பிறகு 30 நாளுக்குச் செம்மஞ்சள், 60க்குப் பச்சை, 90க்குச் சிவப்பு. வருசம் ஒன்றானால் இருட்டில் ஒளிரும் பட்டி.

போயா தினத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அன்றைக்குச் சாராயக் கடை பூட்டு. ஆனால் முந்தின நாளே போத்தல் வாங்கி வைத்தவருக்கு அது குடியில்லாத நாளே இல்லை. போயாவை எண்ணாதீர்கள், தொடர்ந்து வருகிற நாட்களை எண்ணுங்கள்.

வழுக்கி விழுந்தால்? மறுபடி வெள்ளையிலிருந்து. பழைய டோக்கனைப் பறிக்கிற வழக்கம் நல்ல குழுவில் கிடையாது. வீட்டாரும் பறிக்கக் கூடாது, "எங்கே, காட்டு பார்ப்போம்" என்று சோதிக்கவும் கூடாது. சோதித்தால் டோக்கனைக் காட்டிவிட்டுக் குடிக்கப் பழகிவிடுவார்.

அலுமினிய டோக்கனைச் சில்லறையோடு போடாதீர்கள், பஸ் கொண்டக்டரிடம் போய்விடும். சாரத்துக்குப் பை இல்லை, அப்போது சாவிக்கொத்துதான் வழி. வெண்கலம் வியர்வையிலும் கடற்காற்றிலும் கறுக்கும். புளி போட்டுத் தேய்க்கலாம், வர்ணம் பூசியதென்றால் வேண்டாம்.

புதிதாகத் தொடங்கும் குழுவிடம் காசில்லையென்றால் புறக்கோட்டையில் ஒரு செட் கரம் காய் வாங்குங்கள். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு ஒன்றுதான் வரும், ஆகவே சிவப்பை நம்பி நிறம் பிரிக்க வேண்டாம். வெள்ளைதான் அதிகம் செலவாகும். நாள் கணக்கை அழியாத மையால் எழுதி, காய்ந்த பின் நகப்பூச்சு ஒரு தடவை. இல்லாவிட்டால் வியர்வையில் எழுத்து போய்விடும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கூட்டம் நடத்தும் ஒழுங்கைச் சொல்ல இடமில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. தினமும் காலையிலிருந்தே குடிக்கிறவர் டோக்கனை வாங்கிக்கொண்டு திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பிறகு புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிராபத்தும் உண்டு. முதலில் டொக்டரைப் பாருங்கள். ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927.