சார்லட்டின் பின்கட்டு அறை

எல்லோருக்கும் வணக்கம். 'ஆங்கில நாவல்களில் காதலும் கல்யாணமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இருக்கிற நேரத்தில் அத்தனை நாவலையும் தொட்டுக்கொண்டு போனால் வருகைப் பதிவேடு வாசித்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு நாவல், ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'. அதிலும் ஒரே ஒரு பெண். கதாநாயகி எலிசபெத் பென்னட்டைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, அவளுடைய சிநேகிதி சார்லட் லூகாஸ்.

கல்லூரியில் படித்தபோது சார்லட் என்றாலே எங்களுக்கு இளக்காரம். காலின்ஸ் என்று ஒரு அசட்டுப் பாதிரியார் வருகிறார். எலிசபெத்திடம் கேட்கிறார், அவள் மாட்டேன் என்கிறாள். மூன்று நாள்கூட ஆகவில்லை, அதே மனிதர் சார்லட்டிடம் கேட்கிறார். அவள் சரி என்கிறாள். 'சீ, இவளும் ஒரு பெண்ணா' என்று விடுதி மாடியில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். அப்போது எங்கள் சாப்பாட்டுச் செலவை அப்பாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நாவலை ஒருமுறை கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். எலிசபெத்தின் பென்னட் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. ஐந்தும் பெண். சொத்து ஆண் வாரிசுக்குத்தான் என்று ஏற்பாடு. அப்பா கண்ணை மூடினால் வீடு, நிலம் எல்லாம் தூரத்து உறவான இந்தக் காலின்ஸுக்குப் போய்விடும். தாய்க்கும் பெண்களுக்கும் எழுதிவைத்திருப்பது மொத்தம் 5,000 பவுண்டு. நாலு சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 200. அதில் ஆறு பேர் சாப்பிட வேண்டும். காலின்ஸ் பெண் கேட்கிற இடத்திலேயே இந்தக் கணக்கை எடுக்கிறார்: உன் பங்கு ஆயிரம் பவுண்டுதான், அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகுதான், ஆனால் கல்யாணத்துக்கப்புறம் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்ட மாட்டேன்! எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். திருமதி பென்னட்டின் பதற்றத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பயப்பட வேண்டிய விஷயத்துக்கு அந்த வீட்டில் பயந்தவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சார்லட் வீட்டுக் கதை வேறு. அப்பா லூகாஸ் மெரிடன் என்ற சின்ன ஊரில் வியாபாரம் செய்து நாலு காசு பார்த்தவர். நகரத் தலைவராக இருந்தபோது ராஜாவுக்கு ஒரு வரவேற்புரை சமர்ப்பித்தார், 'சர்' பட்டம் கிடைத்தது. பட்டம் வந்ததும் வியாபாரம் கசந்துவிட்டது. தொழிலை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே வீடு எடுத்து, கனவானாகிவிட்டார். கௌரவம் ஏறியது, வருமானம் நின்றது, மகளுக்குக் கொடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அவளுக்கோ வயது 27, பார்வைக்கும் சுமார். கல்யாணம் நிச்சயமானதும், அக்கா கடைசிவரை கன்னியாகவே இருந்துவிடுவாளோ என்ற பயம் தம்பிகளுக்கு விட்டது என்று ஆஸ்டின் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்கிறார். நான் காதல் கீதல் என்று இருக்கிறவள் இல்லை, எனக்கு வேண்டியது வசதியாக ஒரு வீடு என்று எலிசபெத்திடம் சார்லட்டே சொல்கிறாள்.

சார்லட்டின் அதே வயதை ஒட்டித்தான் ஆஸ்டின் வாழ்க்கையிலும் ஒன்று நடந்தது. 1802 டிசம்பர் 2, ஹாம்ப்ஷயரில் மானிடவுன் என்ற பெரிய வீடு. சிநேகிதிகளைப் பார்க்கப் போன இடத்தில் அவர்களுடைய தம்பி ஹாரிஸ் பிக்-விதர் ஜேனைப் பெண் கேட்கிறார். அவருக்கு வயது 21, பெரிய பண்ணைக்கு வாரிசு. ஜேனுக்கு 27 நிறைய இரண்டு வாரம் பாக்கி. சரி என்கிறார். ராத்திரி கழிகிறது. காலையில் எழுந்து, முடியாது என்று சொல்லிவிட்டு அக்காவோடு வண்டி ஏறிவிடுகிறார்.

அதற்கு விலை இருந்தது. 1805இல் அப்பா போனார். சகோதரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் அம்மாவும் இரண்டு பெண்களும் காலம் தள்ளினார்கள். 1809இல் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் ஒரு வீடு கொடுத்த பிறகுதான் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடிந்தது. கதாநாயகன் டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு என்று எழுதினாரே, அந்த நாவலின் உரிமையை 110 பவுண்டுக்கு விற்றார். கேட்டது 150. அன்பில்லாமல் கல்யாணம் செய்துகொள்வதைவிட வேறு எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று 1814இல் அண்ணன் மகளுக்கு எழுதினார். கல்யாணமாகாத பெண்களுக்கு ஏழையாகிவிடுகிற பயங்கரமான வழக்கம் இருக்கிறது என்று 1817இல் அதே பெண்ணுக்கு எழுதினார்.

இப்படி இரண்டு பக்கமும் தெரிந்தவர் என்பதால்தான் சார்லட்டை அவர் அழவைக்கவில்லை. கல்யாணத்துக்கப்புறம் எலிசபெத் அவள் வீட்டில் போய்த் தங்குகிறாள். சாப்பாட்டு அறை பெரியது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் சார்லட் பகல் முழுக்க உட்காருவது பின்கட்டில் ஒரு அறையில். ஏன் என்று முதலில் எலிசபெத்துக்குப் புரியவில்லை. அப்புறம் புரிகிறது. காலின்ஸின் அறை தெருவைப் பார்த்தது. இவளும் அதே மாதிரி களையான அறையில் உட்கார்ந்தால் மனிதர் தன் அறையில் தங்கவே மாட்டார். அதனால் வெளிச்சத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். தோட்ட வேலை உடம்புக்கு எவ்வளவு நல்லது என்றும் அடிக்கடி எடுத்துச் சொல்கிறாள்.

பணக்கார வீட்டுப் பெண் டி பர்க் தினமும் அந்த வழியாக வண்டியில் போவாள். தினமும் காலின்ஸ் பின்கட்டுக்கு ஓடிவந்து, வண்டி போகிறது, வண்டி போகிறது என்று சேதி சொல்வார்.