சுவர் இருந்தால்தான் சித்திரம்

விழாத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய சங்கச் செயலாளர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தவில் வித்துவான் ஐயா அவர்களே, வணக்கம். பின்னால் நிற்கிற தம்பிமார்களே, இங்கே நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள்.

அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் சார்லஸ் மிங்கஸைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: அவர் வாசிப்பு, அவர் இசையமைப்பு, அவர் கோபம். 1922இல் அரிசோனாவின் நொகாலஸில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். செல்லோ வாசித்த பையன். அன்றைய அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைக்கு சிம்பொனியில் நாற்காலி ஏது? நண்பர் பட்டி (Buddy) கோலெட் சொல்லித்தான் டபுள் பேஸுக்கு வந்தார். ஆளைவிட உயரமான கருவி. நின்றுகொண்டு, தடித்த கம்பிகளை விரலால் சுண்ட வேண்டும். ஜாஸில் தாளமும் சுருதியும் கலையாமல் தாங்குவது அதுதான். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

இனி கதைக்கு வருகிறேன். 1953 மே 15, டொராண்டோ, மாஸி ஹால். மேடையில் ஜாஸ் உலகின் பெரிய வித்துவான்கள் ஐந்து பேர்: சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், மேக்ஸ் ரோச், மிங்கஸ். நம்ம ஊரில் என்றால் கூரை மேல் ஏறி உட்கார்ந்து கேட்டிருப்போம்! அங்கே அரங்கம் நிறையவில்லை. அதே இரவில் மார்சியானோவுக்கும் வால்காட்டுக்கும் குத்துச்சண்டை. கில்லெஸ்பியே நடுநடுவே மேடையை விட்டு இறங்கிப்போய் சண்டை என்னாச்சு என்று பார்த்துவிட்டு வந்தாராம். (சண்டை முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது, அது வேறு கதை.) பார்க்கர் கையில் பிளாஸ்டிக் சாக்ஸபோன். இதெல்லாம் போகட்டும். நியூயார்க் திரும்பி ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டால், எக்காளம் முழங்குகிறது, பியானோ உருள்கிறது, மிங்கஸின் பேஸ் மட்டும் சரியாகக் காதில் விழவில்லை! மனுஷன் என்ன செய்தார்? ஸ்டூடியோவில் உட்கார்ந்து, அந்த ஒலிப்பதிவின் மேலேயே தன் பேஸை மறுபடி வாசித்துச் சேர்த்தார். தானும் ரோச்சும் நடத்திய டெபியூ இசைத்தட்டு நிறுவனத்தில் அதை வெளியிட்டார். சுவர் தானே எழுந்து நின்று, 'நான் இங்கே இருக்கிறேன்' என்றது ஐயா!

இசையமைப்பைப் பற்றி... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 1979இல், 56 வயதில், தசை செயலிழக்கும் நோயில் மெக்சிகோவில் இறந்தார். அவர் மனைவி சூ, சாம்பலைக் கங்கையில் கரைத்தார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு கச்சேரி அழைப்பிதழ் வந்தது. பாடுபவர் பெயர் பெருவிரல் அளவு. கீழே 'பக்கவாத்தியக் குழுவினர்'. யார் அந்தக் குழுவினர்? கடத்துக்காரருக்கு அப்பா அம்மா பெயர் வைக்கவில்லையா? வித்துவான் ஐயா சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். சுவர் இருந்தால்தான் சித்திரம்! அழைப்பிதழில் ஒவ்வொரு பக்கவாத்தியக்காரர் பெயரும் வேண்டும், சன்மானம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். வாசலில், காபி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.