உன் பார்ட் எப்போடா வரும்?

எல்லோருக்கும் வணக்கம். மேடை ஏறினால் மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' சொல்வது நம் ஊர் வழக்கம், ஆனால் எனக்குக் கை வராது, ஏனென்றால் வானொலியில் மைக்கைத் தட்டினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முறைப்பார்.

சென்னை வானொலி 1938 ஜூன் 16 அன்று எழும்பூரில் தொடங்கி, 1954-ல் கடற்கரைக் கட்டடத்துக்கு வந்தது. நான் நாடகக் கலைஞர்களுக்கான குரல் தேர்வில் 'பி' கிரேடு வாங்கி உள்ளே போனதெல்லாம் ரொம்பப் பிறகு. அப்புறம் படிப்படியாக பி-ஹை, ஏ. அதற்கும் மேலே இருக்கும் டாப் கிரேடு கிடைக்கவில்லை, சரி, அதை விடுங்கள்.

அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது நடிப்பு இல்லை, தாள் பிடிப்பது. ஸ்கிரிப்ட் தாள்களைப் பின் போட்டுக் கோத்திருக்க மாட்டார்கள். படித்து முடித்த தாளைச் சரசரக்காமல் பின்னால் நழுவவிட வேண்டும். ரகசியம் என்றால் மைக்கை ஒட்டி, கோபம் என்றால் முகத்தை ஒதுக்கி, வாசலிலிருந்து வருகிறவன் என்றால் நாலடி தள்ளி நின்று பேசிக்கொண்டே நடந்து வர வேண்டும், அதுவும் செருப்பில்லாமல்.

பூர்ணம் விஸ்வநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர், நாடு விடுதலையான செய்தியையும் வாசித்தவர், பிறகு சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார், சினிமாவில் நடித்தார். எங்கே நடித்தாலும் வசனத்தின் கடைசி எழுத்தை விழுங்க மாட்டார். அது செய்தி வாசித்த வாய் என்பேன் நான்.

எனக்குச் சின்னத்திரை வேறு மாதிரி வாய்த்தது. ஒரு சீரியலில் பண்ணையார் வேஷம். காலை ஏழு மணிக்கு மேக்கப், மூன்று மணிக்கு முதல் ஷாட். கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் வசனத்தை உரக்கச் சொல்வார், அதை வாங்கி நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது குறுக்கே வாய் திறக்கக் கூடாது என்று முப்பது வருஷம் பழகியவன், அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். 'கட்!' அடுத்த டேக்கிலும் காத்திருந்தேன். டப்பிங்குக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. கேட்டால், "குரல் ரொம்ப ரேடியோவா இருக்கு சார்" என்றார்கள். வேறொருவர் பேசிவிட்டார்.

ஒளிபரப்பான அன்று வீட்டில் எல்லோரும் டிவி முன்னால். அம்மாவுக்குப் பார்வை மங்கிப் பல வருஷமாகியிருந்தது, சாய்வு நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் நான் மீசையை முறுக்கி யாரையோ திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா, உன் பார்ட் எப்போடா வரும்?" என்றாள்.