அட்வான்ஸ் குடுத்தாச்சு

நடுவர் ஐயா அவர்களே, எங்க அணித் தலைவி டீச்சர் அவர்களே, எதிர்ல உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டிருக்க எதிரணித் தம்பிமாரே, கோயில் கொடைத் திருவிழா முடிஞ்ச களைப்புலயும் இந்தப் பதினோரு மணிக்குப் பாயை விரிச்சு உட்கார்ந்திருக்க தாய்மாரே, அண்ணாச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

‘பொருந்தாத் திருமணங்களுக்குப் பெரிதும் காரணம் பேசி முடிக்கும் பெரியவர்களா, அனுசரிக்காத இளையவர்களா?’ இதுதான் தலைப்பு. பெரியவங்கதான்னு சொல்ல வந்திருக்கேன். எனக்கு வயசு 58. ஆக, நான் குத்தம் சொல்லப்போற கூட்டத்துல நானும் ஒருத்தன். நாகர்கோவில்ல ஒரு சின்ன அச்சகம் வச்சிருக்கேன். 31 வருஷமா கல்யாணக் கார்டு அடிக்கேன். இந்த மைதானத்துல இருக்க பாதிப் பேரு கல்யாணத்துக்கு நான்தான் எழுத்துக் கோத்திருப்பேன். அதனால பயப்படாதீங்க, யாரு பேரையும் சொல்ல மாட்டேன்.

எனக்கு முன்னால பேசின தம்பி நல்லாப் பேசினாரு. “எங்க பாட்டி கல்யாணத்தன்னிக்குத்தான் தாத்தா முகத்தையே பார்த்தாங்க. 54 வருஷம் ஒரே வீட்டுல வாழ்ந்தாங்க. இன்னிக்குப் பிள்ளைங்க 54 நாள் தாங்க மாட்டேங்குது, கேட்டா பொருந்தலைங்குது”ன்னாரு. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா ஒரு சந்தேகம் தம்பி. ஒரே வீட்டுல இருந்தாங்க, சரி. பேசிக்கிட்டாங்களா?

எங்க வீட்டுலயும் ஒரு தாத்தா பாட்டி உண்டு. “சோறு போடட்டா?”ன்னு பாட்டி சுவரைப் பார்த்துக் கேப்பா. தாத்தா தொழுவுல நிக்க மாட்டைப் பார்த்து, “போடச் சொல்லு”ம்பாரு. அந்த மாடு மட்டும் இல்லாட்டா தாத்தா பட்டினியாக்கும். அந்தக் குடும்பமும் 40 வருஷம் ஓடிச்சு. ஓட்டினது மாடு.

சுசீந்திரத்துக்குப் பக்கத்துல தேரூர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊரு. சொத்து மகனுக்கில்ல, அக்கா தங்கச்சி மகனுக்குன்னு மருமக்கள் வழி நடந்த காலத்துல, ஒருத்தருக்கு அஞ்சாவதா வாக்கப்பட்ட பொம்பளை வாயால அவரு ‘மருமக்கள்வழி மான்மியம்’னு ஒரு கிண்டல் பாட்டு பாடினாரு. படிச்சா முதல்ல சிரிப்பு வரும். சிரிச்சு முடிச்ச பிறகு தொண்டையில என்னமோ அடைக்கும். 1926-ல திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்ட பிறகுதான் நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகள்ல அந்த முறை போச்சு. அந்தப் பொம்பளையும் காலந்தள்ளினவதான் தம்பி. அதைப் பொருத்தம்னு எழுதிக்கிடலாமா?

இன்னொண்ணும் சொல்லுதேன். இந்த மாவட்டத்துல ஏறக்குறையப் பாதிப் பேரு கிறிஸ்தவங்க. அவங்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ல வெள்ளைக்காரன் போட்டது. புருஷன் கொடுமைப்படுத்துதான்னு மட்டும் சொல்லிப் பொண்டாட்டி விவாகரத்து வாங்க முடியாது. அவனுக்கு வேற தொடுப்பு இருக்குங்கதையும் சேர்த்து நிரூபிக்கணும். ஆம்பளைக்குத் தொடுப்பு ஒண்ணே போதும். அதைத் திருத்தினது 2001-ல. நேத்து மாதிரி இருக்கு. கதவை வெளியே பூட்டிட்டு, பார்த்தியா, யாராவது வெளிய வந்தாங்களான்னு பெருமைப்படுதது எந்த ஊர் நியாயம்?

சரி, இனி யாரு காரணங்கதுக்கு வாறேன். ஆடிச் செவ்வாய்க்குத் தாழக்குடி ஔவையாரம்மனுக்குக் கொழுக்கட்டை வைக்கப் போற தாய்மார் இங்க நிறைய இருப்பீங்க. ஒரு நல்ல பொண்ணு, மரக்கட்டை மாதிரி ஒருத்தனுக்கு வாக்கப்பட்டுக் கிடக்கதைப் பார்த்து ஔவை பாடினதா ஒரு தனிப்பாட்டு உண்டு:

அற்றதலை போக அறாததலை நான்கினையும்
பற்றித் திருகிப் பறியேனோ - வற்றும்
மரமனையா னுக்கிந்த மானை வகுத்திட்ட
பிரமனையான் காணப் பெறின்.

பிரமனுக்கு முதல்ல அஞ்சு தலை. ஒண்ணைச் சிவன் கிள்ளிட்டாரு. மிச்சம் நாலையும் நான் திருகிப் பிடுங்குவேன், ஆளு மட்டும் கையில கிடைக்கட்டும்னு கிழவி நிக்கா. கவனிங்க நடுவர் அவர்களே. “ஏம்மா, நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா?”ன்னு அந்தப் பொண்ணுகிட்ட ஔவை கேக்கல. அந்த மரக்கட்டையையும் அடிக்கப் போகல. ஜோடி சேர்த்தவன் எங்கேன்னு தேடுதா! எங்க அணியில பேச ஔவையே வந்தாச்சு. நம்ம ஊர்ல பிரமன் யாரு? தரகரு. பெரியப்பா. வாட்ஸ்அப்ல ராத்திரி ஒரு மணிக்கு ஜாதகம் அனுப்புத அத்தை. அப்புறம் கார்டு அடிக்க நான். நாலு தலையும் சரியா வருது.

“நாங்க பத்துப் பொருத்தம் பார்த்துல்லா செய்யுதோம்”னு சொல்லுவீங்க. தினம், கணம், மாகேந்திரம், ரஜ்ஜு எல்லாம் பார்க்கீங்க. தொல்காப்பியரும் பத்துதான் சொன்னாரு. பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, நிறுத்த காம வாயில், நிறை, அருள், உணர்வு, திரு. நம்ம ஆட்கள் இதுல முதல் ரெண்டைப் பிடிச்சுக்கிட்டாங்க, என்ன சாதி, என்ன குடும்பம். அங்கயிருந்து ஒரே தாவு, கடைசிக்கு. திரு. எத்தனை பவுன், எத்தனை ஏக்கர் ரப்பர். நடுவுல கிடக்க ஏழையும் தொடுததே இல்ல. அருள் இருக்கா, அதாவது இரக்கம் இருக்கா, ஒருத்தர் உணர்ச்சி மத்தவருக்குப் புரியுதான்னு எந்தத் தரகரு பயோடேட்டாவுல எழுதியிருக்காரு? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல வந்துச்சு. நாம அந்தச் சொல்லை மட்டும் தடை பண்ணிட்டு, “நீங்க உங்க பிள்ளைக்குப் போடுதது, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்”னு புதுசா ஒரு வசனம் எழுதிக்கிட்டோம்.

தொல்காப்பியரு அந்தப் பத்தோட விடல. எது எது இருக்கக் கூடாதுன்னும் ஒரு பட்டியல் போட்டாரு. பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியக்குதது, புறம் பேசுதது, வன்சொல், சோம்பல்னு போகும். கடைசியில ‘ஒப்புமை’ன்னு ஒண்ணு. அடுத்தவன் பொண்டாட்டியோட, அடுத்தவ புருஷனோட ஒப்பிட்டுப் பார்க்கதுன்னு வச்சுக்கிடுங்க. செல்போன் வாறதுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னால எழுதினது.

குலசேகரம் பக்கம் ரப்பர்க் கன்னுக்கு ஒட்டுக் கட்டுததைப் பார்த்திருக்கீங்களா? என் மச்சான் அந்த வேலைக்காரன். தாய்க்கன்னுப் பட்டையை ஒரு ஜன்னல் மாதிரி கீறி உரிப்பான். நல்ல மரத்துலயிருந்து எடுத்த முளைக்கண்ணை, காத்துப் படுததுக்குள்ள அதுல பொருத்துவான். மழைவெள்ளம் இறங்காம இருக்கப் பிளாஸ்டிக் நாடாவைக் கீழயிருந்து மேல சுத்துவான். மூணு வாரம் கழிச்சு நாடாவை அவிழ்ப்பான். அவிழ்த்த உடனே ஜெயிச்சதாச் சொல்ல மாட்டான். கத்தி முனையால அந்தக் கண்ணு பக்கத்துல லேசாக் கீறுவான். பச்சை தெரிஞ்சா பிடிச்சாச்சு. தவிட்டு நிறமா இருந்தா, “இது பிடிக்கல”ன்னுட்டு, அதே கன்னுல மறுபக்கம் வேற கண்ணு வைப்பான். கன்னைத் திட்டுததில்ல. “நீ அனுசரிச்சிருக்கணும்”னு அதுகிட்ட சொல்லுததும் இல்ல.

நம்ம மாப்பிள்ளை வளைகுடாவுலயிருந்து 30 நாள் லீவுல வாறான். நாலாம் நாள் பொண்ணு பார்க்காங்க. ஆறாம் நாள் உறுதி. இருபதாம் நாள் போளியும் பால் பாயாசமும். முப்பதாம் நாள் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல அந்தப் பிள்ளை டாட்டா காட்டிட்டு நிக்கா. நாடாவை அவிழ்க்க நேரம் உண்டா? கீறிப் பார்க்க யாரு இருக்கா?

இளையவங்க மேல தப்பே இல்லையான்னா, உண்டு. ஆல்பம் வாறதுக்குள்ள பிரிஞ்சு போனவங்களும் உண்டு. ஸ்டூடியோக்காரரு பாக்கிப் பணம் கேட்டு ரெண்டு வீட்டுக்கும் நடந்தாரு. “காதல் கல்யாணமும்தான் முறியுது, அதுக்கும் பெரியவங்களா காரணம்?”னு தம்பி கேட்டாரு. நல்ல கேள்வி, எனக்கு வேண்டிய கேள்வி. காதல் கல்யாணம்னா நம்ம பெரியவங்களுக்கு நிறுத்தத் தெரியுது! ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல ஆளைக் கூட்டி நிறுத்தத் தெரியுது, பிள்ளையை ரூம்ல போட்டுப் பூட்டத் தெரியுது. தாங்க பேசின கல்யாணம்னா மட்டும் நிறுத்துத வித்தை மறந்து போச்சு. “அவன் குடிக்கானாம்”னு ஒருத்தர் வந்து சொல்லுவாரு. “இனி என்ன செய்ய, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சே”ம்பாங்க. பிள்ளை முகம் செத்துக் கிடக்குன்னு தாய்க்குத் தெரியும். “கார்டு குடுத்து முடிச்சாச்சே”ம்பா. நான் அடிச்ச கார்டு.

அதுல ஒரு கார்டைப் பத்திச் சொல்லணும். முகூர்த்த மாசம், ஒரு சாயங்காலம். அப்பாவும் மகளும் புரூஃப் பார்க்க வந்தாங்க. அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழுத்தெழுத்தாப் பார்க்காரு. மாப்பிள்ளை படிப்புல ஒரு புள்ளி விட்டுப் போச்சு, தாய்மாமன் பேரு மேல வரணும், மண்டபத்துக்கு முன்னால ‘ஏ.சி.’ போடணும். பிள்ளை மேசை மேல கிடந்த இன்னொரு தாள்ல, மாப்பிள்ளை பேரு மேல ஒரு விரலை வச்சுக்கிட்டு நிக்கா. மறைச்சுப் பார்க்க மாதிரி. அப்பா சாயா சொல்ல வெளிய போனாரு. அவ மெதுவாக் கேட்டா, “மாமா, இது அடிச்சாச்சா?”

“பிளேட் போட்டாச்சு மக்களே, காலையில ஓடிரும்”னேன்.

“அப்ப சரி”ன்னா. விரலை எடுத்துட்டா.

பிளேட் போடல, நடுவர் அவர்களே. புரூஃப் சரி பார்க்காம எவன் பிளேட் போடுவான்? ஆர்டர் கையை விட்டுப் போயிரக் கூடாதேன்னு வாயில வந்த பொய். 500 கார்டு. ரெண்டரை வருஷம் கழிச்சு அதே அப்பா, மகன் கல்யாணத்துக்குக் கார்டு அடிக்க வந்தாரு. அழைக்கிறவங்க வரிசையில மகள் பேரு தனியா இருந்துச்சு. “மருமகன் பேரு?”ன்னு கேட்டேன். “அது வேண்டாம்”னாரு. அன்னிக்கு அவரு புள்ளி கமா ஒண்ணும் பார்க்கல. “நீங்களே பார்த்து அடிச்சிருங்க அண்ணாச்சி”ன்னுட்டுப் போயிட்டாரு.

நம்ம மாவட்டத்துக்குப் பேரு வந்ததே ஒரு நின்னு போன கல்யாணத்தாலதான். சுசீந்திரத்துலயிருந்து மாப்பிள்ளை சிவபெருமான் புறப்பட்டாச்சு. குமரியில பொண்ணு, நம்ம கன்னியாகுமரி அம்மன், அலங்காரம் பண்ணி உட்கார்ந்தாச்சு. பாணாசுரனைக் கன்னிப்பொண்ணுதான் கொல்ல முடியும், இந்தக் கல்யாணம் நடந்தா காரியம் கெடும்னு நாரதருக்குத் தெரியும். நடுராத்திரியில சேவலாக் கூவினாரு. விடிஞ்சு போச்சு, முகூர்த்தம் தப்பிப் போச்சுன்னு மாப்பிள்ளை திரும்பிட்டாரு. சமைக்க வச்சிருந்த அரிசியும் பருப்பும்தான் அந்தக் கடற்கரையில கலர் கலரா மணலாக் கிடக்குன்னு பாட்டிமாரு சொல்லுவாங்க. சுற்றுலா வாறவன் அதைப் பாக்கெட்ல வாங்கிட்டுப் போறான். மொத்தச் சமையலும் நஷ்டம்! ஆனா அந்த அம்மன் முன்னால போய் நின்னு, “ஐயோ, கல்யாணம் நின்னு போன பொண்ணு”ன்னு எவனாவது உச்சுக் கொட்டியிருக்கானா? மூக்குத்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுல்லா வாறோம். நாரதருக்கு இருந்த தைரியம் ஒரு பெரியப்பாவுக்கு வேண்டாமா? ஒருதரம் கூவினா போதுமே!

மணி அடிச்சிட்டீங்க. ரெண்டு நிமிஷம் குடுங்க.

அந்த அப்பா வந்துட்டுப் போன மறுநாள் என் கடையில ஒரு போர்டு எழுதி மாட்டினேன். ‘கல்யாணம் நின்று போனால் பேப்பர் விலை போக மீதிப் பணம் திருப்பித் தரப்படும்.’ எங்க வீட்டுக்காரி திட்டினா, கல்யாணக் கார்டுக் கடையில அபசகுனமா என்ன போர்டுன்னு. வியாபாரம் கொஞ்சம் குறைஞ்சதும் நிஜம். ஆறு வருஷத்துல ரெண்டே பேருதான் வந்தாங்க. போன தையில வந்தவரு தோவாளைப் பக்கம், பூ வியாபாரம். 400 கார்டு அடிச்சு முடிச்சாச்சு, இன்னும் யாருக்கும் குடுக்கல. மகளுக்கு மனசில்ல, அவரு நிறுத்திட்டாரு. மீதிப் பணத்தை எண்ணி வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. அப்புறமும் போகாம நின்னாரு. “இந்தக் கார்டை எல்லாம் என்ன செய்ய? எரிக்கவா?”ன்னாரு.

“ஒத்தைக் கார்டுதானே, பின்பக்கம் வெள்ளையாத்தானே கிடக்கு. பிள்ளை என்ன செய்யுதா?”ன்னேன்.

“டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கா.”

முன்பக்கத்தை ஒட்டி, வெள்ளைப் பக்கம் மட்டும் தெரியுத மாதிரி வெட்டித் தைச்சு, கணக்குப் போட்டுப் பார்க்க நாலு நோட்டுப் போட்டுக் குடுத்தேன். பைண்டிங் கூலி வாங்கல. போன வாரம் அவரு கடைக்கு வந்தாரு. நோட்டுத் தீர்ந்து போச்சாம், இன்னும் ரெண்டு வேணுமாம். வணக்கம்.