நாடு பிறந்ததைப் படம் பிடித்த நால்வர்

[திரையில்: மேற்கு ஆப்பிரிக்க வரைபடம். கினி-பிசாவு மட்டும் நிறம் மாறுகிறது.]

1967. கினி-பிசாவு. போர்த்துகலை எதிர்த்து ஆயுதப் போராட்டம் தொடங்கி நான்கு வருடம் ஆகிவிட்டது. வானத்திலிருந்து குண்டு விழுகிறது. ஒவ்வொரு போராளியும் தேவைப்படுகிற அந்த நேரத்தில், தலைவர் அமில்கார் கப்ரால் நான்கு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து கியூபாவுக்கு அனுப்புகிறார். சினிமா கற்றுக்கொள்ள!

சானா நா நாடா, ஃப்ளோரா கோமேஸ், ஜோசே போலாமா, ஜோசெஃபினா கிராட்டோ. கடைசிப் பெயர் ஒரு பெண்ணுடையது.

சரி, போர் நடக்கும்போது சினிமா எதற்கு? ‘அது எங்கள் மாகாணம்’ என்று போர்த்துகல் உலகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் போராளிகள் மீட்ட பகுதிகளில் மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்தது, வைத்தியம் நடந்தது. வெளிநாட்டுக்காரர்களும் வந்து படம் எடுத்தார்கள்தான். எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். தங்கள் கதையைத் தங்கள் ஆட்களே எடுக்கவேண்டும் என்று கப்ரால் நினைத்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

[திரையில்: 16 எம்.எம். ஃபிலிம் சுருள், மிக அருகில்.]

இந்தச் சுருளைப் பாருங்கள். 100 அடி. கேமராவில் மூன்று நிமிடம்கூட ஓடாது. எடுத்தது சரியாக வந்ததா என்று அங்கேயே பார்க்கவும் முடியாது, ஃபிலிம் கழுவ லேப் வேண்டும். அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் யோசித்தாக வேண்டும்.

1972-இல் நால்வரும் திரும்பி வந்தார்கள். 1973 ஜனவரி 20 அன்று, பக்கத்து நாடான கினியின் தலைநகர் கோனக்ரியில் கப்ரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று, மதினா டோ போயே பகுதியில் சுதந்திரப் பிரகடனம். போர்த்துகல் படை இன்னும் நாட்டுக்குள்தான் இருக்கிறது. பிரகடனத்தைப் படம் பிடித்தவர்கள் கப்ரால் அனுப்பிவைத்த பிள்ளைகள். பார்க்க அவர் இல்லை.

[திரையில்: துருப்பிடித்த ஃபிலிம் டப்பாக்கள்.]

அப்புறம் நடந்ததுதான் மனதைப் பிசைகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஃபிலிம் சுருங்கும், வினிகர் வாடை அடிக்கும். கவனிப்பார் இல்லாமல் கிடந்த சுருள்கள் 1998-இல் மூண்ட உள்நாட்டுப் போரிலும் அடிபட்டன. நிறையப் போயே போய்விட்டது. மிஞ்சியதை 2012 வாக்கில் பெர்லினுக்குக் கொண்டுபோய் டிஜிட்டலாக்கினார்கள்.

பல காட்சிகளுக்கு ஒலியே இல்லை. அதனால் மறுபடி திரையிட்டபோது, இது எந்த இடம், இவர் யார் என்று சானா நா நாடாவே கூட இருந்து சொன்னார்.